கோடையில் சுழன்ற சக்கரம்

அந்த நீர்ச்சக்கர மனுவின் முதல் பக்கத்தைப் படித்தபோதே மதிப்பீட்டு அதிகாரி அங்கயற்கண்ணிக்கு எரிச்சல் வந்தது. நாற்பது குதிரைத்திறன், வருடத்தின் பன்னிரண்டு மாதமும், ஒரு நாள் விடாமல். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவள் எத்தனையோ பழைய நீர்ச்சக்கரங்களை அளந்திருக்கிறாள். கோடையில் கொஞ்சமாவது படுத்துக்கொள்ளாத சக்கரத்தை அவள் கண்டதில்லை. யார் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் தேவமட்டத்துக்கு வண்டியேறினாள்.

எல்லாம் அந்தச் சட்டம் வந்ததிலிருந்து. மின்சாரத்துக்கு நாடே தவித்துக்கொண்டிருந்த ஒரு வருடத்தில் அவசரம் அவசரமாக எழுதிய சட்டம் அது. மலையில் எங்கெல்லாம் அந்தக் காலத்தில் தண்ணீரால் சக்கரம் ஓடியதோ, அங்கெல்லாம் அதை மறுபடி ஓட்டலாம். எந்த மாதத்தில் எவ்வளவு விசை கிடைத்ததோ, அந்த மாதத்தில் அவ்வளவு தண்ணீருக்கு இடத்தின் சொந்தக்காரருக்கு முதல் உரிமை. குடிக்கிறவர்கள் அதற்குப் பிறகு குடித்துக்கொள்ளலாம். இதை எழுதிய மகானுபாவர் வீட்டில் குழாய் ஒரு நாளும் நின்றிருக்காது.

தேவமட்டம் எஸ்டேட்டில் இப்போது தேயிலை கிடையாது. வாங்கிய கம்பெனி செடியையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒரு பெரிய கணிப்பொறிக் கூடம் கட்டியிருக்கிறது. அதைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். நூற்றைம்பது வருடத்துக்கு முன் எவனோ வெள்ளைக்காரன் பூட்டிய சக்கரம் சுழன்றால் என்ன, சுழலாவிட்டால் அவர்களுக்கு என்ன? சக்கரத்தைக் காட்டித் தண்ணீரை வாங்கிவிட்டால் போதும்.

இயந்திரத்தைப் பார்க்குமுன் தண்ணீரைப் பார்ப்பது அவள் வழக்கம். சித்திரை மாதச் சனிக்கிழமை, காலை பத்து மணி. ஓடை காய்ந்து கிடந்தது. கல்லும் சருகும்தான். ஓடையை விட்டுக் கீழே இறங்கினால், தோட்டத் தொழிலாளிகளின் வம்சம் இன்னும் குடியிருக்கும் பழைய லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் பாறையடியில் ஓர் ஊற்று. அதில் மட்டும் தண்ணீர் தெளிவாக நின்றது. நூற்றுப் பதினான்கு குடும்பங்களுக்குக் கோடையில் அது ஒன்றுதான் கதி. ஆனால் ஊற்றடியில் ஒரு குடம்கூட இல்லை. காவலுக்கு உட்கார்ந்திருந்த மாதிரி ஒரே ஒரு ஆள் எழுந்து வந்தார். சவரிமுத்து, வார்டு மெம்பர், ஊற்றைத் தூர்வாரிப் பாதுகாப்பதும் அவர்தான்.

"நீங்கதான் மதிப்பீட்டு ஆபீசரா மேடம்? வாங்க. கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

"ஏங்க இப்படிப் பேசறீங்க? நான் இன்னும் சக்கரத்தையே பாக்கலை."

"பாத்து என்ன ஆகப்போகுது? ஓடையில கோடைக்குத் தண்ணி இல்ல. அப்போ கோடையில சக்கரம் ஓடிச்சுன்னா ஊத்துத் தண்ணிதான்னு சொல்றாங்க. அதனால ஊத்தும் அவங்களுக்காம். ஒரு நாளைக்கு ஊறுறதே முப்பத்தஞ்சாயிரம் லிட்டர். அதையும் குழாய் போட்டு எடுத்துட்டா நாங்க எங்க போறது?"

அங்கயற்கண்ணி ஊற்றடியைச் சுற்றிப் பார்த்தாள். பேச்சை மாற்ற, "ஒருத்தரும் தண்ணி எடுக்க வரலையே?" என்று கேட்டாள்.

"இன்னிக்குச் சனிக்கிழமையில்ல. எங்க பொம்பளைங்க சனிக்கிழமை குடத்தைத் தொட மாட்டாங்க. வெள்ளிக்கிழமையே ரொப்பி வச்சிடுவாங்க. கல்யாண வீடா இருந்தாலும் அப்படித்தான்."

"எதுக்கு?"

"சனீஸ்வரனுக்கு ஆகாதும்பாங்க. நாங்க வேதக்காரங்க மேடம், மாதா கோயிலுக்குப் போறவங்க. சனீஸ்வரனுக்கும் எங்களுக்கும் என்ன? ஆனா எங்க வீட்லயும் எடுக்கறதில்ல. ஏன்னு யாருக்கும் தெரியாது."

சக்கரம் கிடந்த கொட்டகை ஓடைக்கரையில் இருந்தது. கம்பெனியின் சார்பில் தேஜஸ் என்று ஓர் இளைஞன் காத்திருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பிளாஸ்க், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. சவரிமுத்துவுக்கும் காப்பி நீட்டினான். அவர் வாங்கவில்லை.

ஆள் உயரச் சக்கரம், விளிம்பைச் சுற்றி ஜோடி ஜோடியாக இரும்புக் கிண்ணங்கள். அறுபது மீட்டர் உயரத்திலுள்ள மேல்தொட்டியிலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீர் இந்தக் கிண்ணங்களில் அடித்துச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் டைனமோவைச் சுழற்றும். அவ்வளவுதான் இதன் சூட்சுமம். அங்கயற்கண்ணி பெட்டியிலிருந்து தேய்மானியை எடுத்தாள். தோசைக்கல் அகலம், ஓர் ஆணியில் மாட்டிவிடலாம் போல மெலிதாக இருக்கும்.

"இது என்ன செய்யும்?" என்றார் சவரிமுத்து.

"தண்ணி பட்ட இரும்பு கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். தேயுற இடத்துல அந்தத் தண்ணியில இருந்த மண்ணு, உப்பு எல்லாம் மெல்லிசா ஒட்டும். அது மேல அடுத்த நாளோடது. அப்படியே அடுக்கடுக்கா இருக்கும். இந்த மெஷின் ஒவ்வொரு அடுக்காப் படிக்கும். எந்த வருஷம், எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணி வந்துச்சு, எவ்வளவு வேகம், எல்லாம் சொல்லிடும்."

"பொய் சொல்லாதா?"

"இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க."

இதைச் சொன்னதற்காக அரை மணி நேரத்திலேயே அவள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரையில் வருடங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மழைக்காலத்தில் நாற்பது குதிரைத்திறன் என்பது பீற்றல், உண்மையில் முப்பத்தொன்றுதான். அதை வெட்டிவிட்டாள். ஆனால் மாசி வந்தது, பங்குனி வந்தது, சித்திரை வந்தது, சக்கரம் நிற்கவில்லை. ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவாக, ஆனாலும் நாள் தவறாமல் சுழன்றிருந்தது. தொடர்ந்து பத்துக் கோடை ஓடியிருந்தால் சட்டத்துக்குப் போதும். இங்கே பதினான்கு.

"பாத்தீங்களா மேடம்!" என்றான் தேஜஸ். "கோடையில செலவான தண்ணி, நாளுக்கு முப்பத்தி நாலாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம் லிட்டர். அவ்வளவும் எங்களுக்கு."

ஊற்று முழுவதும் போய்விட்டது. சவரிமுத்து கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"இந்த மெஷின் அவங்க காசு குடுத்து வாங்கினதா?"

"சவரிமுத்து..."

"பின்ன என்ன மேடம்? ஊத்து கீழ இருக்கு. தொட்டி மலை மேல இருக்கு. கீழ இருக்கற தண்ணி பறந்தா போச்சு? ரெண்டு எழுத்துப் படிச்சுட்டா நீங்க எது சொன்னாலும் நாங்க நம்பிடுவோம்னு நெனப்பா?"

அவளுக்கும் மூக்கின் மேல் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. ஆனால் கேட்ட கேள்வி சரிதானே! ஊற்றுத் தண்ணீர் தானாக அறுபது மீட்டர் ஏறாது. அந்தக் காலத்தில் இங்கே பம்பு வந்ததாக எந்தத் தடயமும் இல்லை. அவள் கோபத்தை விழுங்கிக்கொண்டு கோடை அடுக்குகளை மட்டும் பிரித்துப் பார்த்தாள்.

தண்ணீர் ஊற்றுத் தண்ணீர்தான், அந்தப் பாறையின் சுண்ணாம்பு அப்படியே தெரிந்தது. அதோடு இன்னும் இரண்டு. சாம்பல், கொஞ்சம் மண்ணெண்ணெய். திரையில் வந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"மேலே காடு எரிஞ்சிருக்கும். சாம்பல் தொட்டியில விழுந்திருக்கும்" என்றாள், பாதி தனக்குத்தானே.

"பதினாலு வருஷம் தினமுமா எரியும்?" என்றார் சவரிமுத்து கடுப்பாக. பிறகு, "மண்ணெண்ணெய்யும் இருக்குன்னா சொன்னீங்க?" என்று குரல் இறங்கிக் கேட்டார்.

"ஆமா."

"டின்னு மேடம். மண்ணெண்ணெய் டின்னு. காலியான டின்னுல தண்ணி புடிக்கணும்னா வாடை போகச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாங்க. எங்க வீட்லயே அப்படித் தேச்சு வச்ச டின்னு இருந்துச்சு."

தேஜஸின் சிரிப்புகூடச் சற்று நின்றது. அங்கயற்கண்ணி வெளியே வந்து மேலே பார்த்தாள். ஊற்றிலிருந்து தொட்டி வரைக்கும் செங்குத்தான சரிவு. வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும்.

உள்ளே வந்து கணக்குப் போட்டாள். டின்னுக்குப் பதினெட்டு லிட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது டின். அந்தச் சரிவில் ஒரு மனுஷ உடம்பால் பகல் முழுக்கப் பன்னிரண்டு நடைக்கு மேல் முடியாது. அப்படி வைத்தால்கூட நூற்று அறுபது பேர்.

"நூத்தி அறுபது பேரு" என்று வாய்விட்டுச் சொன்னாள். "ஆம்பளைங்களா, பொம்பளைங்களான்னு இரும்புல தெரியாது."

"எங்க ஊர்ல தண்ணி சுமக்கறது யாரு மேடம்?" என்றார் சவரிமுத்து.

எதற்காகச் சுமந்தார்கள் என்பதையும் இரும்பு சொன்னது. கோடையில் தண்ணீர் பகலில் இறங்கவே இல்லை. மாலை ஆறரைக்குத் திறந்து பத்து மணிக்கு மூடியிருக்கிறார்கள். கிடைத்த விசை தேயிலை ஆலையில் ஓர் உருளையை அசைக்கக்கூடக் காணாது. பதினாறு விளக்கு எரியும். துரை பங்களாவின் பதினாறு விளக்கு! அதற்காகப் பகலெல்லாம் நூற்று அறுபது பெண்கள் மலையேறியிருக்கிறார்கள். பதினாறு விளக்குக்கு ராத்திரிக்கு இரண்டு யூனிட் சொச்சம். அந்தப் பெண்கள் டின்னையும் தூக்கி, தங்கள் உடம்பையும் தூக்கிக்கொண்டு ஏறச் செலவழித்தது கிட்டத்தட்ட இருபது யூனிட். எந்த மடையனும் இப்படி ஓர் இயந்திரத்தை ஓட்டமாட்டான். ஏறுகிறவர்களின் உழைப்புக்கு மதிப்பே இல்லை என்று நினைக்கிறவன் மட்டும்தான் ஓட்டுவான். ஒரு மெழுகுவர்த்தி வைத்துக்கொள்ள அந்த மனிதனுக்கு என்ன கேடு?

"சனிக்கிழமையைப் பாருங்க" என்றாள். "சனிக்கிழமை மட்டும் பதினொன்றரை வரைக்கும் எரிஞ்சிருக்கு. விருந்து நடந்திருக்கும். ஊத்துல தேங்கினதையும் சேத்து வழிச்சு, அன்னிக்கு ஆளுக்குப் பதினேழு நடை."

அவள் பதினான்காவது கோடைக்குப் போனாள். சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை. ஆறரைக்குச் சக்கரம் கிளம்புகிறது. ஏழு நாற்பதுக்கு நிற்கிறது. தொட்டி காலி. அன்று ஆளுக்கு நாலு நடையோடு டின்கள் மேலே போவது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் அந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. அன்று என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி விழுந்தது, யார் முதலில் டின்னைக் கீழே வைத்தது, எதுவும் இரும்பில் இல்லை.

"அதுதானா" என்றார் சவரிமுத்து மெல்ல. "காரணத்தை மறந்துட்டு, எடுக்காம இருக்கறதை மட்டும் புடிச்சு வச்சிருக்கோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "மேடம், ஊத்துல ஊறுறது மொத்தமும் மேல போயிருச்சுன்னா, கோடை மாசம் பூராவும் லைன் வீட்டுல இருந்தவங்க என்னத்தைக் குடிச்சாங்க?"

அவள் தேய்மானியைச் சக்கரத்திலிருந்து எடுத்தாள்.

தேஜஸ் தொண்டையைச் செருமினான். "ரொம்ப வருத்தமான விஷயம்தான் மேடம். உண்மையாவே. கம்பெனி சார்பா இங்க ஒரு நினைவுப் பலகைகூட வைக்கலாம். ஆனா சட்டம் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானே? சக்கரம் சுத்திச்சா, இல்லையா? தண்ணி எப்படி மேல போச்சுன்னு கேக்கலையே."

"வாய் கூசலையா தம்பி உங்களுக்கு? அவங்க முதுகு ஒடிஞ்சதைக் காட்டி அவங்க பேரப்புள்ளைங்க தண்ணியை வாங்கப் பாக்கறீங்க!"

"நான் சம்பளத்துக்கு வேலை பாக்கறவன் மேடம். என்னைத் திட்டி என்ன பிரயோஜனம்?"

அவள் திட்டுவதை நிறுத்தினாள். திட்டி ஆகப்போவது எதுவுமில்லை. அறிக்கையில் பொய் எழுதவும் அவளால் முடியாது, தேய்மானி படித்தது படித்த கணமே தலைமையகத்துக்குப் போய்விட்டது. சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நீரேற்று நிலையங்களுக்காக எழுதியிருந்த விதியை இரண்டு முறை படித்தாள். பிறகு தேஜஸைக் கூப்பிட்டாள்.

"சட்டம் கேக்குதுப்பா. பதினேழாவது விதி. தொட்டிக்குத் தண்ணி தானா வரலைன்னா, ஏத்தினது யாருன்னு நான் எழுதியாகணும். மனுதாரரே ஏத்தியிருந்தா, ஏத்தச் செலவான விசையைக் கழிக்கணும். ரெண்டுல இருபது போனா ஒண்ணும் மிஞ்சாது. கோடைத் தண்ணி அரசாங்கத்துக்குப் போயிடும், ஏலம் விடுவாங்க. மனுதாரருக்குச் சம்பந்தமில்லாத வேற யாராவது ஏத்தியிருந்தா, கோடை விசை அவங்களோடது. தண்ணியும் அவங்க வாரிசுக்கு. ரெண்டுல எதுன்னு இரும்பு சொல்லாது. உங்க கம்பெனிதான் சொல்லணும்."

"ஏலம்னா நாங்களும் கேக்கலாமா?"

"யார் வேணும்னாலும் கேக்கலாம். நீங்க கேட்டா இவங்களால போட்டி போட முடியுமா என்ன?"

சவரிமுத்துவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவரைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கம்பெனி ஒரே ஒரு வரி, "ஆம், எங்கள் தொழிலாளர்கள்தான்" என்று எழுதினால் போதும். ஊற்று ஏலத்துக்குப் போகும், அங்கே அவர்கள் சுளையாக எடுத்துக்கொள்வார்கள். உண்மையும் அதுதான். அந்தப் பெண்கள் எஸ்டேட் பெண்கள், எஸ்டேட் கொடுத்த டின், எஸ்டேட் துரையின் விளக்கு. உண்மையைச் சொன்னால் ஊற்று போய்விடும் என்பதை நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

இருந்தாலும் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் எழுதினாள். கோடையில் மேல்தொட்டிக்கு நீர் சுமந்த ஏறத்தாழ நூற்று அறுபது பெண்கள் அன்றைய எஸ்டேட்டின் தொழிலாளர்களா? அன்றைய எஸ்டேட்டின் உரிமையோடு பொறுப்பையும் ஏற்றிருக்கும் நிறுவனம் இதை உறுதி செய்கிறதா? கீழே விதியின் முழு வாசகத்தையும் சேர்த்தாள்.

"விதியைப் படிச்சுப் பாத்துட்டுப் பதில் அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

"எங்க சட்டப் பிரிவுல பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க மேடம். அவங்களுக்கு நாம சொல்லணுமா?" என்று தேஜஸ் அனுப்பிவிட்டான்.

பதில் வர ஒன்பது நிமிஷம்கூட ஆகவில்லை. இதே மாதிரிக் கேள்விகளுக்கு எத்தனை வருடமாக அனுப்பிப் பழகிய பதிலோ! வண்டி கவிழ்ந்தால், கட்டடம் இடிந்தால், சாக்கடைக்குள் ஆள் செத்தால், யார் எங்கிருந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்கிற பதில். அங்கயற்கண்ணி அதை ஒருமுறை படித்தாள். நம்பாமல் மறுபடி படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"மேற்படி நபர்கள் கங்காணிகள் எனப்படும் ஒப்பந்தக்காரர்களால் அழைத்துவரப்பட்டவர்கள். அவர்களுக்கும் எஸ்டேட்டுக்கோ எமது நிறுவனத்துக்கோ எக்காலத்திலும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இது தொடர்பான எந்தப் பொறுப்பையும் நிறுவனம் ஏற்காது."

தேஜஸின் கையிலிருந்த பிளாஸ்க் மூடி கீழே உருண்டது. "மேடம், ஒரு நிமிஷம். அவங்க முழுசாப் படிக்கலை போல. நான் பேசிட்டு..."

"கையெழுத்துப் போட்ட பதில் தம்பி. வந்த நொடியே பதிவாயிடுச்சு."

அவள் அறிக்கையை முடித்தாள். மழைக்காலம், முப்பத்தொரு குதிரைத்திறன், மனுதாரருக்கு. கோடைக்காலம், மனுதாரருக்குச் சம்பந்தமில்லாத நூற்று அறுபது பேருக்கு. பெயர்கள் தெரியவில்லை. வாரிசுகள், தேவமட்டம் லைன் வீடுகளில் குடியிருப்போர். அனுப்பு என்பதை அழுத்திவிட்டுத் திரும்பினாள். சவரிமுத்து குதிப்பார், கையெடுத்துக் கும்பிடுவார், குறைந்தது சிரிக்கவாவது செய்வார் என்று எதிர்பார்த்திருந்தாள்.

அவர் திரையிலிருந்த கம்பெனியின் மூன்று வரிப் பதிலைத் தாமே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஊத்து எங்களுக்குத்தானா மேடம்?"

"உங்களுக்குத்தான். இனி கோடையில ஒரு சொட்டு வேணும்னாலும் அவங்கதான் உங்ககிட்ட வந்து கேக்கணும்."

"சரி." அவர் இன்னும் திரையை விட்டு நகரவில்லை. "எவ்விதத் தொடர்பும் இல்லையாம். பதினாலு வருஷம் சொமந்திருக்காங்க. எவ்விதத் தொடர்பும் இல்லையாம்."

அவள் தேய்மானியைத் துடைத்தாள்.

"இதுக்கு ஒரு பதில் எழுதணும். எந்த அட்ரசுக்கு மேடம் அனுப்பறது?"

"அண்ணே, அதான் தண்ணி கெடச்சிருச்சே!" என்றான் தேஜஸ், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "அந்தப் பொம்பளைங்க எங்க ஆளுங்கன்னு கம்பெனி ஒத்துக்கிட்டிருந்தா உங்களுக்கு இந்த ஊத்தே இல்ல. இன்னும் எதுக்கு வம்பு?"

"தண்ணி எங்களோடது. அது எங்களுக்கு வந்துதான் ஆகணும்" என்றார் சவரிமுத்து. "ஆனா அந்தப் பொம்பளைங்க உங்க எஸ்டேட்டு பொம்பளைங்க. உங்க வீட்டுக்கு வெளக்கேத்தினவங்க. அதையும் நீங்க எழுதித் தரணும்."

எழுதித் தந்தால் என்னவாகும் என்று அங்கயற்கண்ணிக்குத் தெரியும். வழக்கு மறுபடி திறக்கும், ஊற்று மறுபடி ஆட்டம் காணும். அதை அவரிடம் விளக்கிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கி, கம்பெனியின் முகவரியைப் பின்கோடு வரைக்கும் எழுதிக் கொடுத்தாள்.